லாந்தர்க்காரனின் ஆறாவது அறை

அக்டோபர் 3, வெள்ளி

ரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஜனவரியில் கல்லூரியில் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. இன்று கொஞ்சம் அதிகம். காரணம் படிக்கட்டு.

லிஃப்ட் ஆகஸ்ட் கடைசியில் நின்றது. "பார்ட் வரணும் மேடம்" என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மூன்று மாடி ஏறுவது எனக்கு மூட்டு வலியோடு முடிந்துவிடும். தம்பி அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை. சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடுகிறோம் என்று எதிர் வீட்டுப் பையன்கள் வந்து நின்றார்கள். ஒருவன் கால் வழுக்கினால் என்ன ஆகும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காய்கறிப் பையோடு உள்ளே வந்தால் தியாகு ஹாலில் இருந்தபடி, "வெளியுலகச் செய்திகள், வாசிப்பவர் அமுதவல்லி" என்றான்.

"முருங்கைக்காய் விலை ஏறிடுச்சு."

"விளையாட்டுச் செய்தி?"

"ஒண்ணும் இல்ல."

"இருக்கு. மாரெக் மெயில் போட்டிருக்கான். பாரு."

அக்டோபர் 4, சனி

மாரெக் போலந்துக்காரர். நேரில் பார்த்ததில்லை. பழைய வீடியோ கேம் மெஷின்களை ஆயிரக்கணக்கில் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்து வைக்கும் குழு ஒன்றை நடத்துகிறார். அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: அடுத்த ஆண்டு வரும் கணினிகளிலும் போன்களிலும் உங்கள் எமுலேட்டர் திறக்காது. அது எழுதப்பட்ட பழைய முறையையே புதிய இயங்குதளங்கள் கைவிடுகின்றன. தனி ஆள் வைத்திருக்கும் சின்ன எமுலேட்டர்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. எங்களிடம் கொடுங்கள், நவம்பர் கடைசியில் வரும் பதிப்பில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் அதற்கு முன் ஆறாவது அறையைப் பற்றி ஒரு முடிவு சொல்லுங்கள்.

பதினெட்டு வருட வேலை. கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கவே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அரிசி களைய மறந்து, ராத்திரிக்குத் தோசை.

அக்டோபர் 6, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் என் திரையை எட்டிப் பார்த்தாள் கெமிஸ்ட்ரி சுகந்தி. "இந்த வயசுல வீடியோ கேமா, அமுதா?"

நான் ஆடுவதில்லை என்றேன். எமுலேட்டர் என்றால், பழைய மெஷினின் ஒவ்வொரு சிப்பும் என்ன செய்ததோ அதை அப்படியே செய்துகாட்டும் மென்பொருள். மெஷின் செத்த பிறகும் அதன் விளையாட்டு ஓடும். இந்த அளவு விளக்கினேன். அவள் ஏற்கெனவே டிபன் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

நான் ஆடுவதில்லை என்பது உண்மை. என்னால் மூன்றாவது அறையைத் தாண்ட முடிந்ததில்லை. ஆடுவது தியாகு. விபத்துக்குப் பிறகு அவனுக்குத் தோளும் வலது மணிக்கட்டும் மட்டும் கொஞ்சம் அசையும். தாடையால் அசைக்க ஒரு குச்சி, மணிக்கட்டுக்கு அடியில் ஒரு பட்டன், இரண்டையும் கல்லூரி லேபில் நான்தான் செய்தேன். அதை வைத்துக்கொண்டு, பத்து விரலும் உள்ளவர்கள் போகாத இடத்துக்கெல்லாம் போகிறான்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்திருந்த வீடியோ கேம் கடையில் ஓடிய விளையாட்டு அது. தைவானில் செய்தது. அதன் பெயரைச் சீன எழுத்தில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. கையில் விளக்கோடு ஒருவன் பாழடைந்த கோட்டைக்குள் அறை அறையாகப் போவதால் பையன்கள் அதற்கு லாந்தர்க்காரன் என்று பெயர் வைத்தார்கள். ஆறாவது அறைக்குள் நுழைந்ததும் பின் கதவு மூடிக்கொள்ளும். முன் கதவு திறக்காது. அத்தோடு விளையாட்டே முடிந்தது என்று ஊரே நம்பியது.

முடியவில்லை. எங்கள் கடைக்கு வந்தது கள்ளப் போர்டு, அதாவது விளையாட்டு ஓடும் சர்க்யூட் பலகையின் திருட்டு நகல். அசல் போர்டில் ஒரு சிறப்புச் சிப் உண்டு. கள்ளப் போர்டு செய்தவர்களால் அதைக் காப்பியடிக்க முடியவில்லை. ஆறாவது அறையின் கதவு அந்தச் சிப்பிடம் ஒரு கேள்வி கேட்கிறது. கதவு திறப்பது பெரிய விஷயமில்லை. திறந்தபின் அவன் எங்கே போய் இறங்க வேண்டும் என்பதைத்தான் அந்தச் சிப் சொல்கிறது.

அந்தப் பதில் எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை. ஊகித்து எழுதினால் அது எமுலேட்டர் இல்லை, கற்பனை.

அக்டோபர் 9, வியாழன்

தைவானின் தைச்சுங் நகரத்தில் ஒருவரிடம் அசல் போர்டு இருக்கிறதாம். சிப்பை லேபுக்குக் கொடுத்துப் படிக்க மாரெக் அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். வாழ்நாளில் இதைவிட நல்ல செய்தி வந்ததில்லை என்று எழுதத் தோன்றுகிறது. எழுதவில்லை. முடிவு வரட்டும்.

தியாகு மதியம் ஆறாவது அறைவரை ஆடிக்காட்டினான். வந்து நின்றதும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"கடைல இந்த ரூம்ல இவன் செத்துப்போவான்கா. மேல கடிகாரம் ஓடும், நேரம் முடிஞ்சா அவ்ளோதான். கடைசில கீச் கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். எலிக்குஞ்சு மாதிரி."

"இந்த ரூம்ல கடிகாரமே ஓடாது. பாரு, நிக்குது."

"உன் மெஷின்ல நிக்குது."

"அப்ப உனக்குப் பத்து வயசு. பத்து வயசு ஞாபகத்த நான் ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"ஆமாங்க புரொபசர்" என்றான்.

அக்டோபர் 11, சனி

தியாகுவைப் பார்த்துக்கொள்ள வரும் ஜெசிந்தா காலையில் வரவில்லை, அவள் பையனுக்குக் காய்ச்சல். தியாகுவைக் குளிப்பாட்டுவது, கால்களை மடக்கி நீட்டுவது எல்லாம் நான். முதுகில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். இதை வேறு யார் ஒழுங்காகச் செய்வார்கள்?

அக்டோபர் 14, செவ்வாய்

தைச்சுங்கிலிருந்து பதில் வந்தது. சிப் காலி.

அதன் நினைவை ஒரு சின்ன பேட்டரிதான் காப்பாற்றி வைத்திருந்ததாம். செய்தவர்களே வேண்டுமென்று வைத்த பாதுகாப்பு. பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், யாரும் திருட முடியாது. தீர்ந்து பல வருடம் ஆகியிருக்கும் என்கிறார் மாரெக். உலகத்தில் வேறு எங்கே அசல் போர்டு இருந்தாலும் அதே கதிதான். இனி எங்கிருந்தும் ஆதாரம் வரப்போவதில்லை.

தியாகுவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அக்டோபர் 15, புதன்

அழுத்தம் அதிகம். உப்பைக் குறைக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மார்ச்சில் போலந்தில் ஒரு கூட்டம். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் எல்லாம் கூடுகிறார்கள். நான் வந்து பேச வேண்டும், பயணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மாரெக். இயலாது, வீட்டில் நிலைமை அப்படி என்று உடனே பதில் போட்டேன்.

இரவுச் சாப்பாடு ஊட்டும்போது தியாகு கேட்டான். "எந்த நிலைமை?"

என் மெயிலை அவன் எப்படிப் பார்த்தான் என்று கேட்டேன்.

"மாரெக் எனக்கும் எழுதுவான்கா. நீ ரெண்டு வரி எழுதினா அவன் எங்கிட்ட வந்து அதுக்கு அர்த்தம் கேப்பான்." வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "பெங்களூருக்குக் கூப்பிட்டப்பவும் இதேதான். காலைல போயி சாயங்காலம் திரும்பி வந்துட்ட. நானும் ஜெசிந்தா அக்காவும் அன்னைக்கு பிரியாணி வாங்கித் தின்னுட்டு நல்லாத்தான் இருந்தோம்."

அன்று எனக்கு அங்கே தலைவலி. அதனால்தான் வந்தேன். மேலும், பிரியாணி அவன் வயிற்றுக்கு ஆகாது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்து, புதுச் சட்டை போட்டு, பால்கனி ஓரம் உட்கார வைத்தேன். கீழே பிள்ளைகள் வெடித்தார்கள். மேலே பார்த்துக் கையசைத்தார்கள். அவன் தலையை ஆட்டினான்.

பிறகு விளையாட்டைப் போட்டு ஆறாவது அறைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குச்சியிலிருந்து தாடையை எடுத்தான். லாந்தர்க்காரன் விளக்கைப் பிடித்தபடி நின்றான். அவன் விளக்கு மட்டும் லேசாக ஆடும். மற்றபடி எவ்வளவு நேரம் விட்டாலும் அப்படியே நிற்பான்.

"பண்டிகை அதுவுமா உள்ளயே நிக்கிறான் பாரு" என்றான். "தைச்சுங் சிப் காலின்னு எனக்குத் தெரியும்கா."

நான் அதிரசத்தைப் பிட்டு அவன் வாயருகே கொண்டுபோனேன்.

"ஆறு நாளா நீ அத மறைக்கிறதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். சரி, நானும் ஒண்ணு சொல்லணும். கோயம்புத்தூர் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. என்ன மாதிரி முதுகுத்தண்டு அடிபட்டவங்க சேர்ந்து இருக்காங்க. எல்லாம் தரைமட்டம், படியே கிடையாது. கம்ப்யூட்டர் வேலை. புது ஆப் எல்லாம் கை இல்லாம ஓட்ட முடியுதான்னு ஆடிப் பாத்துச் சொல்ற வேலை. நான் ரெண்டு மாசமா வீட்டுல இருந்தே செஞ்சு குடுத்துட்டுத்தான் இருக்கேன். அவங்க வந்துருன்னு சொல்றாங்க."

"அங்க யார் உன்னத் திருப்பிப் படுக்க வைப்பா?"

"ஆள் இருக்காங்க. சம்பளத்துக்கு. மூஞ்சத் தூக்கி வெச்சுக்காம திருப்புவாங்க."

"நான் எப்ப மூஞ்சத் தூக்கினேன்?"

அவன் அதிரசத்தை மென்றான். கீழே சரவெடி தொடங்கிவிட்டது. முடிந்தபோது இருவருமே அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

அக்டோபர் 21, செவ்வாய்

அந்த இடத்தைப் பற்றி இணையத்தில் பார்த்தேன். படங்களில் எல்லாரும் சிரிக்கிறார்கள். படத்தில் சிரிப்பது எதற்கும் ஆதாரமில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. துணி காயவில்லை. தரைத்தளத்து வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லா பாய் மாவு மில்லில் பிடித்துக்கொண்டார். "இப்பவும் சொல்றேன் டீச்சர், நாம வீட்ட மாத்திக்கலாம். எம் மக குடும்பத்துக்கு மேல் வீடுதான் வசதி. தம்பி பாவம், காத்து வாங்கவாவது வெளிய வரும்ல?"

கீழே ஈரம் ஏறும், கொசு அதிகம் என்று போன வருடம் சொன்னதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. தியாகுவுக்கு மூச்சுத் தொல்லை உண்டு, ஈரம் ஆகாது. போன வருடம் அவனிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

அக்டோபர் 27, திங்கள்

மாரெக்கின் குழு என் நிரலை வரிவரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் பாராட்டு. ஒரு கேள்வி மட்டும் இருந்தது. அதை மாரெக் எனக்கும் தியாகுவுக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.

கேள்வி: ஆறாவது அறையில் கடிகாரம் ஏன் நிறுத்தப்படுகிறது? விளையாட்டின் சொந்த நிரலில் அப்படி எதுவும் இல்லை. அங்கே கடிகாரம் ஓடத்தான் வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவது எமுலேட்டரில் தனியாகச் சேர்க்கப்பட்ட ஒரு வரி. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. எந்த ஆதாரத்தில் சேர்த்தீர்கள்?

தேடிப் பார்த்தேன். இருக்கிறது. என் நிரலில் என் கையெழுத்து போன்ற வரி. மற்ற எல்லா இடத்திலும் ஏன் எதற்கு என்று பத்தி பத்தியாக எழுதி வைக்கும் நான் இதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. சேர்த்த தேதி 2007 பிப்ரவரி. தியாகுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம்.

எழுதியது எனக்கு நினைவில்லை. வசதிக்காக இருக்கலாம். அறையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க.

அக்டோபர் 28, செவ்வாய்

அவன் இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஜெசிந்தாவோடு பேசினான். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அக்டோபர் 30, வியாழன்

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து கைகால் கழுவுவதற்குள் கூப்பிட்டான். திரையில் ஆறாவது அறை. லாந்தர்க்காரன் நின்றுகொண்டிருந்தான்.

"காலைல நீ கிளம்பினப்ப கொண்டாந்து நிறுத்தினேன். இன்னும் நிக்கிறான்."

"ஆஃப் பண்ணிருக்கலாம்ல."

"அக்கா, நான் பதினெட்டு வருஷமா இவன் இங்க செத்துப்போவான்னு சொன்னேன். நீ எனக்கு ஞாபகம் தப்புன்ன. அந்த அடிலதான் மண்டை குழம்பிருச்சோன்னு நானே சில நேரம் நெனச்சிருக்கேன்."

"நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சன்னு யார் சொன்னா? நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்ப எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு உனக்கு எதையும் சாக விட முடியல. சரி. ஆனா அவன் செத்தா திரும்ப முதல் ரூம்லேருந்து வருவான்கா. இப்படி நின்னா எங்கயும் வரமாட்டான்."

விளையாட்டை வாழ்க்கையோடு பொருத்திப் பேசும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதை அவனிடம் சொன்னேன்.

"நான் விளையாட்டப் பத்தித்தான் பேசறேன்" என்றான். "நீ எதப் பத்தி நெனச்ச?"

காபி போடப் போனேன். பால் திரிந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

லிஃப்ட் ஓடுகிறது!

அசோசியேஷன் செய்ததாக நினைத்துச் செயலாளருக்கு நன்றி சொன்னேன். அவர் விழித்தார். "எங்களுக்கு எங்க மேடம் நேரம்? உங்க தம்பிதான். லிஃப்ட் கம்பெனிக்குத் தினம் போன். மேனேஜர் பேர், அவருக்கு மேல இருக்கறவர் பேர், எல்லாருக்கும் மெயில். கடைசில அவங்களே எங்களுக்குப் போன் பண்ணி, எப்படியாவது அவர நிறுத்தச் சொல்லுங்க சார், நாளைக்கே வந்துடறோம்னு கெஞ்சினாங்க."

கீழே போகலாமா என்று கேட்டேன். இன்னொரு நாள் போகிறேன் என்றான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

ஜெசிந்தா அவன் கால்களை மடக்கிக்கொண்டே என்னைக் கேட்டாள். "டீச்சர், நீங்களும் வர்றீங்கதான? எங்க வீட்டுக்காரர் நடு சீட்டக் கழட்டணுமா வேணாமான்னு கேக்கறாரு."

"எங்க வர?"

அவள் தியாகுவைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவளுடைய கணவர் சவரி வேன் ஓட்டுகிறார்.

"ஐயோ அண்ணே, நீங்க இன்னும் சொல்லலியா? என் வாயி இருக்கே..." என்று அவன் முழங்காலிலேயே ஒரு தட்டுத் தட்டினாள். அவனுக்கு அது தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறான். நான் இல்லாமலே போகவும் ஏற்பாடு இருந்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

வேண்டும் என்றால் போகட்டும். புண் வந்து திரும்பி வருவான்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று எழுதியதை அடிக்க நினைத்தேன். கிடக்கட்டும்.

அவனுடைய மருந்துகளை டப்பாவில் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் போன்ல இருக்குக்கா, நான் அவங்களுக்கு அனுப்பிட்டேன்" என்றான். பிறகு, "டப்பா நல்லாருக்கு. எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

நவம்பர் 8, சனி

"போறதுக்கு முன்னாடி கதவத் தொறந்துடலாம்" என்றான். "ஒரு நாள்தான் கேக்கறேன். இனிமே ஆதாரம் வராது. வராதுங்கறதுக்குத்தான் ஆதாரம் இருக்கு. உன் கொள்கைக்கு அது போதாதா?"

போதாது. ஆனால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிப்புக்குப் பதிலாகக் கதவுக்கு ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும் சில வரிகள். எழுதக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததுதான் வேலை.

எந்த எண் என்பது அவன் பொறுப்பு. ஏழாவது அறையின் படங்கள் எல்லாம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கின்றன, யாரும் அங்கே போனதில்லை, அவ்வளவுதான். அவற்றைப் பார்த்துப் பார்த்து, எங்கெங்கே இறங்கலாம் என்று சில இடங்களை எப்போதோ தேர்ந்து வைத்திருந்தான். பாதியில் சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்தால் அந்தக் கதவு சரியாகப் பேசாது. ஒவ்வொரு முறையும் முதல் அறையிலிருந்து வர வேண்டும். வந்தான். தாடை சிவந்துவிட்டது, நிறுத்து என்றேன். கேட்கவில்லை.

முதல் எண்ணில் லாந்தர்க்காரன் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டான். விளக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"பாத்தியா, ஊகிச்சா இதான்" என்றேன்.

"சுவத்துலதான முட்டினான். அடுத்தது போடு."

அடுத்ததில் தண்ணீருக்குள் விழுந்து செத்தான். தியாகு, "ஆகா!" என்றான். செத்ததற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சாகிற முதல் ஆள் என்றான்.

மாலையில் ஓர் எண்ணில், கதவு திறந்து, இருட்டுக்குப் பிறகு, லாந்தர்க்காரன் ஒரு படித்துறையில் நின்றான். அதற்கு மேல் வானம் இருந்தது. அந்த விளையாட்டில் வானத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கரும்பச்சை நிறத்தில், நான்கைந்து நட்சத்திரங்களோடு, மலிவான வானம்.

அவன் லாந்தர்க்காரனைப் படித்துறையின் ஓரம்வரை நடத்திப் பார்த்தான்.

"இதுதான் சரியான இடம்னு சொல்ல முடியாது" என்றேன்.

"முடியாதுதான். ஊகம்னே எழுதி அனுப்பு." பிறகு, "அந்தக் கடிகார வரியையும் எடுத்துட்டு அனுப்பு" என்றான்.

பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் லிஃப்ட்டில் இறங்கினான். ரஹ்மத்துல்லா பாய், எதிர் வீட்டுப் பையன்கள் எல்லாரும் கீழே நின்றார்கள். நடு சீட்டைக் கழற்றியிருந்தார் சவரி. எனக்கு முன் சீட்.

கரூர் தாண்டும்வரை ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டே வந்தான். தூசி, மூச்சு இழுக்கும் என்றேன். இழுக்கவில்லை.

அங்கே பெரிய வராந்தா, சிமெண்ட் தரை. நாற்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஒருவர் வந்து, "இவங்கதான் கடிகாரத்த நிறுத்தின அக்காவா?" என்றார். தியாகு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். அவர் கையைக் கூப்ப முயன்று பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார். படத்தில் இருந்த அதே சிரிப்புதான்.

கிளம்பும்போது அவன் தலைமுடியைச் சரிசெய்தேன். "போயிட்டு வா" என்றான். அதை நான் அல்லவா சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் சவரியும் ஜெசிந்தாவும் வண்டியின் மைலேஜ் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துகொண்டேன். திருப்ப யாரும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. கல்லூரி, வீடு. சனிக்கிழமைக்கு எந்த வேலையும் இல்லை. கீழே போய் ஒரு சுற்று நடக்கலாம் என்று லிஃப்ட்டில் இறங்கினேன். கேட் வரை போனேன். எங்கே போவது என்று தெரியவில்லை. வாட்ச்மேன், "ஏதும் மறந்துட்டீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

பாஸ்போர்ட்டைத் தேடினேன், சும்மா. ஒரு பக்கம்கூட முத்திரை விழாமல் காலாவதி ஆகியிருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

மாரெக்குக்கு நிரலை இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கதவின் வரிகளுக்கு மேல் "ஊகம், ஆதாரம் இல்லை" என்று எழுதினேன். கடிகாரத்தை நிறுத்தும் வரியையும் இன்று எடுத்துவிட்டேன். ஒரு விசை. அதோடு போயிற்று.

எடுத்தபின் சோதிக்க வேண்டும். ஆறாவது அறைவரை ஆடிப் போக வேண்டும். தியாகுவுக்குப் புதிய பதிப்பை அனுப்பி, ஆடிப் பார்த்துச் சொல் என்றேன்.

"எனக்கு இங்க வேலை இருக்குக்கா. ரிப்போர்ட் குடுக்கணும். நீயே ஆடிப் பாரு."

"எனக்கு மூணாவது ரூமே தாண்டாதே."

"மெஷினச் செஞ்ச ஆளு மூணாவது ரூம்ல சாவுறதா? வெளிய சொல்லாத, மானம் போகும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வௌவால் வரும்போது ஓடாத. நின்னு குனி. நீ பயந்து ஓடுவ, அதான் சாவுற" என்றான்.

புண் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவது அறை. செத்தான். குனிந்தது தாமதம்.

நவம்பர் 22, சனி

நான்காவது அறை. காலையிலிருந்து ஆடுகிறேன், விரல் வலிக்கிறது. தியாகு தாடையால் எப்படி இவ்வளவு தூரம் போனான் என்று முதல் முறையாக யோசித்தேன். முதல் முறை என்பது விசித்திரமாக இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

ஐந்து.

ஜெசிந்தா சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாள். நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்து, "குனிங்க டீச்சர், குனிங்க!" என்று கத்தினாள். குழம்பு அடிப்பிடித்தது. அதையே இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 26, புதன்

ஆறாவது அறைக்குள் நுழைந்தேன். பின் கதவு மூடியது. மேலே, மூலையில், கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முன் கதவுக்குப் போக நேரம் இருந்தது. போகவில்லை. லாந்தர்க்காரனை நடுவில் நிறுத்திவிட்டுத் தியாகுவைப் போனில் கூப்பிட்டேன். "என்னக்கா?" என்றான். போனைக் கணினியின் ஸ்பீக்கருக்கு அருகில் வைத்தேன்.

கடைசி நொடிகளில் அது வந்தது. கீச் கீச்சென்று, மெல்லியதாகத் தொடங்கி வேகம் கூடும் சத்தம். எலிக்குஞ்சு என்று அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இத்தனை வருடமும் அது மெஷினுக்குள்தான் இருந்திருக்கிறது.

லாந்தர்க்காரன் மண்டியிட்டான். விளக்கு அணைந்தது.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் வராந்தாவில் நாற்காலிகள் உருளும் சத்தம். அவன் மூச்சு.

"செத்துட்டானா?" என்றான்.

"செத்துட்டான்."

"சரி. திரும்பப் போடு."

போட்டேன்.